ஈயக் குட்டை ஓரத்தில் ஒரு பெரட்டு

"பசியாறிட்டீங்களா?"

ஈப்போவில் வந்து இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் என் சம்பந்தியம்மா லெட்சுமி. பெற்ற மகள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்று தந்தி வந்து, விழுந்தடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் பசியாறுவது என்றால் காலை ஆகாரம் சாப்பிடுவது, அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது. நாம் "சௌக்கியமா?" என்று கேட்பதுபோல அவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

"வசந்தா எப்படிம்மா இருக்கா?" என்றேன்.

"அப்படியேதான் இருக்கு அண்ணே. மத்தியானத்துக்கு மேலதான் உள்ள விடுவாங்க. மொதல்ல கோப்பி குடிங்க, அப்புறம் போலாம்."

எந்த வழியாக வந்தேன், எதில் வந்தேன் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. நான் ரயில்வேக்காரன். காவிரிக் கரையோரம் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தேன். வாழ்நாள் பூராவும் மற்றவர்களைப் பயணம் அனுப்பிவைத்தவனுக்கு, வண்டி எப்படிப் போகிறது என்பதில் பெரிய சுவாரசியம் கிடையாது. போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவன் கவலை.

எழுபதுகளின் கடைசி அது. வசந்தா என் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. மாப்பிள்ளை மணியத்தின் தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர். அந்தப் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டு பெண் தேடி வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகத் தெரிந்தார், கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து நடுவில் கிடக்கிற கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வசந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த சில நாளில் அவளுக்கு ஜுரம் கண்டு, வலிப்பு வந்து, நினைவு தப்பிவிட்டது. ரத்தத்தில் கிருமி ஏறி மூளைவரை போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

அவர்கள் வீடு ஈப்போவிலேயே புந்தோங் என்கிற பகுதியில். பலகைச் சுவர், தகரக் கூரை. தெருவில் பாதிப் பேர் கடலை வறுக்கிறார்கள், முறுக்குப் பிழிகிறார்கள். காற்றில் எந்நேரமும் அந்த வாசனை. எங்கள் ஊரில் அந்த வாசனை வந்தால் கல்யாணம் என்று அர்த்தம். இங்கே தினமும் அதே வாசனைக்குள் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

வார்டில் வசந்தாவைப் பார்த்தபோது முதலில் நான் கவனித்தது அவளுடைய தலைமுடியை. யாரோ நேர் வகிடெடுத்து இரண்டு பின்னல் போட்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல. மூக்கில் குழாய், கையில் ஊசி. "வசந்தா, அப்பா வந்திருக்கேம்மா" என்றேன். இமைகூட அசையவில்லை. பின்னல் போட்டது மலாய் நர்ஸ் என்று மணியம் சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள்.

"பொறுமையா இருக்கச் சொல்றாங்க மாமா. நேத்தைக்கி இன்னைக்கி மோசம் இல்லையாம்."

அவள் என்னைப் 'பாக்சிக்' என்று கூப்பிட்டாள். மாமா என்று அர்த்தமாம். என் மகளுக்குத் தலை பின்னியவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரிதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெண்மணியும் நினைவில்லாமல் கிடந்தாள். அவளுடைய கணவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து உட்கார்ந்து, பார்வை நேரம் முடிகிறவரை அவளிடம் பேசிக்கொண்டே இருப்பார். அவர் பேசிய கண்டனீஸ் பாஷை மணியத்துக்குக் கொஞ்சம் தெரியும். "என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"மழை பெய்ஞ்சிச்சாம். மேக்கால ஓட்டுல ஒழுகுதாம். பூன குட்டி போட்டிருக்காம். அவ்வளவுதான் மாமா, சும்மா வீட்டு நாயம் பேசுறாரு."

பதில் வராத ஆளிடம் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்த அலுப்புக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டியை விடுமுன் அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்துப் பாதை காலியா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து பதில் மணி வந்தால்தான் வண்டியை விடலாம். பதில் வராமல் ஒரு வண்டியைக்கூட நான் அனுப்பியதில்லை. என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மாரியம்மன் கோயிலில் நாள் தவறாமல் மணியடித்துக் கேட்டேன். பதில் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபின் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். கோயிலுக்குப் போனேன், திருநீறு பூசினேன், யாரோடும் வாதாடவில்லை. ஆனால் கேட்கவில்லை. இப்போது மகளின் கட்டிலருகே நின்று, "சாமிய நல்லா வேண்டிக்குங்க அண்ணே" என்று லெட்சுமி சொன்னபோது, வேண்டுவதற்கு எனக்குள் ஒரு சொல்கூட இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

நாட்கள் போயின. காலையில் தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலிச் சம்பல், வாழையிலைப் பொட்டலத்தில் வரும். சோற்றைக் காலையில் தின்பதா என்று முதலில் முணுமுணுத்தேன். இரண்டே நாளில் பொட்டலத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். காப்பியைப் பழைய பால் டின்னில் ஊற்றி, கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. ஒரு நாள் தனியாகக் கிளம்பி பஸ் மாறி ஏறிவிட்டேன். ஊர் முடிந்து மலை தெரிகிறது, ஆஸ்பத்திரியைக் காணோம். ரயில்வேக்காரனுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை. கண்டக்டர் ஒரு சீனப் பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, என் முழங்கையைப் பிடித்து அதில் ஏற்றி, டிரைவரிடம் உரக்க ஒரு வார்த்தை சொன்னாள். அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் நான் இறங்கும்வரை "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லெட்சுமி பேரனைக் குளிப்பாட்டியபடி என்னிடம் சொன்னார்:

"அண்ணே, சாயங்காலம் கோயில்ல பெரட்டு இருக்கு. நீங்களும் வந்துருங்க. வசந்தா பேரையும் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் அதே வீட்டில் கோழிப் பிரட்டல் சாப்பிட்டிருந்தேன். என் மகள் சாகக் கிடக்கிறாள், இவர்கள் அவள் பெயரில், அதுவும் கோயிலில், வெள்ளிக்கிழமையில் கோழி பிரட்டுகிறார்களா?

"நான் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுறதில்லைங்க" என்றேன் விறைப்பாக. "கோயில்ல கறி சமைச்சுத் திங்கிற நேரமா இது?"

லெட்சுமி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தார். மணியமும் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே இருந்த லெட்சுமி, ஈரக் குழந்தையை மடியில் வைத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டார். "வசந்தாவும் கல்யாணமாயி வந்த புதுசுல இதையேதான் கேட்டுச்சி அண்ணே" என்றார்.

மணியம்தான் விளக்கினார். அவர்கள் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் விடியுமுன் எல்லோரும் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள். மண்டோர், அதாவது மேஸ்திரி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் குரல் கொடுத்தபின்தான் பால் வெட்டப் போகலாம். அந்த ஆஜர் எடுப்பதற்குப் பெயர் பெரட்டு. தோட்டம் கைமாறி எல்லோரும் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் சிதறிப் போன பிறகும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய கோயிலில் கூடி அதைச் செய்கிறார்களாம்.

"சாமி கும்பிடறதுக்கு எதுக்கு ஆஜர்?" என்றேன்.

"வந்து பாருங்க மாமா" என்றார்.

எங்களைக் கூட்டிப் போனவரே அந்த மண்டோர்தான். பெயர் முத்தையா. தோட்டத்து வேலை போனபின் டாக்சி ஓட்டுகிறார். என் வயதுதான் இருக்கும். தொண்டை மட்டும் பெரியது. காம்பார் போகிற சடக்கில் (ரோட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மலைகள், அவற்றின் காலடியில் ஈயம் தோண்டி விட்டுப்போன பெரிய பெரிய குட்டைகள். தோட்டத்தில் பாதிப் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. நடுவே ஒரு சின்ன மாரியம்மன் கோயில்.

பேக்டரி உடுப்போடு பெண்கள், மோட்டார் சைக்கிளில் வந்த ஆண்கள் என்று முப்பது பேர் போல இருப்பார்கள். பூசாரி கற்பூரம் காட்டினார். எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டார்கள். பிறகு மண்டோர் போய் அம்மன் சன்னதி வாசலில், எங்களைப் பார்க்கத் திரும்பி நின்றார். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"முனியம்மா!"

"இருக்கேன்!"

"காளிமுத்து!"

"இருக்காரு, சிங்கப்பூருல!" என்று மூலையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

"அஞ்சலை!"

"இருக்கா. முட்டிவலி, வர முடியல."

"சின்னப்பன்!"

"இருக்காரு, சித்தியவான்ல!"

வந்தவர்கள் தமக்குத் தாமே பதில் சொன்னார்கள். வராதவர்களுக்கு யாராவது சொன்னார்கள். ஒரு பெயர்கூடப் பதிலில்லாமல் விழவில்லை. திடீரென்று "வசந்தா!" என்று கேட்டது. லெட்சுமி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்கவில்லை. பிழைப்பாளா மாட்டாளா என்று டாக்டருக்கே நிச்சயமில்லாத பெண்ணுக்கு, நான் எதை நம்பிப் பதில் சொல்வது? மண்டோர் காத்திருந்தார். கடைசியில் லெட்சுமி, "இருக்கு, ஆத்தா" என்றார். என் மகளுக்கு இவர் யார் பதில் சொல்ல என்று அற்பமாக ஒரு கோபம் வந்தது எனக்கு.

திரும்பும்போது டாக்சியில் கேட்டேவிட்டேன். "இது என்ன பிரார்த்தனைங்க? யாரும் எதுவும் கேக்கலியே?"

"என்னத்தக் கேக்குறது அண்ணே?" என்றார் லெட்சுமி. "தோட்டத்த வித்தாங்க. லயத்த இடிச்சாங்க. அடுத்த வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்து நின்னோம். ஒருத்தருக்கும் வாய் வரல. வேல குடுன்னு கேக்குறதா, வீடு குடுன்னு கேக்குறதா? எல்லாம் ஒண்ணாப் போச்சி. எத மொதல்ல கேக்குறதுன்னு தெரியாம சும்மா நின்னோம். இவருக்கு என்ன தோணிச்சோ, அங்க போயி நின்னு பேரக் கூப்புட ஆரம்பிச்சிட்டாரு. பழக்கம்லா, இருக்கேன்னு சொன்னோம். சொல்லிட்டு வீட்டுக்குப் போயி, அன்னைக்கித்தான் சோறு உள்ள எறங்கிச்சி."

மண்டோர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அந்தக் காலத்துல ஒருத்தனுக்கு இன்னொருத்தன் கொரல் குடுத்தா, ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன் அண்ணே. அவ்வளவு பொல்லாதவன்லா நானு. ஆத்தா அப்படி இல்ல. யாரு சொன்னாலும் ஏத்துக்கிறா." கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்: "ஒங்க பேரையும் சேத்துக்கவா?"

"வேண்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. மக பேரு மட்டும் போதும்."

அவர் வற்புறுத்தவில்லை.

அடுத்த வாரம் நரகம். அதை விவரிக்க ஒன்றுமில்லை. கட்டில், குழாய், இரண்டு பின்னல். வீட்டில் தாய்ப்பாலுக்கு அழுகிற பிள்ளை. அதைத் தூக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதன் முகத்தைப் பார்த்தால் உன் அம்மா எங்கே என்று அது என்னைத்தான் கேட்பதுபோல இருக்கும். காலையில் எழுந்தவுடன் மனசு கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: உயிர் இருக்கா? ஆஸ்பத்திரிப் படியேறும்போதும் அதே கேள்விதான். வார்டுக் கதவைத் தள்ளும்போதும் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை கதவைத் தள்ளியபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்புப் போட்டிருந்தார்கள். "காலையில போயிட்டாங்களாம் மாமா" என்றார் மணியம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சீனர் வந்தார், மறந்துபோன பிளாஸ்கை எடுத்துக்கொள்ள. மீதியிருந்த ஆரஞ்சுகளை வசந்தாவின் மேசையில் வைத்தார். குனிந்து, அவளிடம் ஏதோ நாலு வார்த்தை சொன்னார். பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவாம். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் எங்களைத் தனியே அழைத்தார். ஜுரம் மறுபடி ஏறியிருக்கிறது, செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டோம், இன்றோ நாளையோ தெரிந்துவிடும் என்றார். பார்வை நேரம் முடிந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். கெஞ்சிப் பார்த்தேன். விதி விதிதான். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். மணியம் வாசலிலேயே இருந்துகொண்டார். "நீங்க அம்மாவோட கோயிலுக்குப் போங்க மாமா. இங்க நின்னு ரெண்டு பேரும் என்ன செய்யப் போறோம்?"

ஊர் தாண்டியதும் டாக்சியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. முத்தையா ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஆவி. "தண்ணி இல்ல" என்று ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு ஈயக் குட்டையின் சரிவில் இறங்கினார். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சூடு ஆறவேண்டும் என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் எங்களை உரசிப் போயின.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "இந்த ஓட்டை வண்டிய நம்பி ஒரு மனுஷன் எப்படிங்க ரோட்டுக்கு வர்றது? இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஆஸ்பத்திரி வாசல்லயாவது நின்னிருப்பேனே!" என்று கத்தினேன். அவர் டின்னைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கத்தி முடித்தேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். மனைவி செத்தபோதுகூட ஸ்டேஷனுக்குப் போய் வண்டி பார்த்தவன் நான். அன்றைக்கு, பெயர் தெரியாத ஒரு குட்டையின் கரையில், லாரிக்காரர்கள் பார்க்க அழுதேன்.

முத்தையா வானத்தைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். "பெரட்டு நேரமாயிரிச்சி" என்றார். குட்டை முதுகுக்குப் பின்னால் இருக்க, எங்களைப் பார்த்து நின்றார். லெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நானும் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது.

"முனியம்மா!"

"இருக்கா!" என்றார் லெட்சுமி.

"காளிமுத்து!"

லெட்சுமி என்னைப் பார்த்தார். இருப்பது நாங்கள் இரண்டு பேர். முப்பது நாற்பது பெயருக்கும் ஒருவரே பதில் சொல்ல முடியாது.

"இருக்காரு" என்றேன். "சிங்கப்பூர்ல."

"அஞ்சலை!"

"இருக்கா. முட்டிவலி."

இப்படியே போனது. முகம் பார்த்திராத சின்னப்பனுக்கும், பெருமாயிக்கும், யார் யாருக்கோ நான் பதில் சொன்னேன். ஒரு லாரி இரைந்து போனால் அவர் நிறுத்தி, மறுபடி அதே பெயரைக் கூப்பிடுவார். யாரையும் தாண்டிப் போகவில்லை. "பாப்பா!" என்றார், இன்னும் பெயர் வைக்காத என் பேரனுக்கு. "இருக்கான்" என்றார் லெட்சுமி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் நான் மணியடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். இங்கே மணி அடிப்பது அந்தப் பக்கம். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"வசந்தா!"

உயிர் இருக்கா, உயிர் இருக்கா என்று வாரம் முழுக்கக் கேட்ட அதே சொல்தான் வாயில் இருந்தது. கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

"இருக்கா" என்றேன். போதவில்லை என்று தோன்றியது. கூட்ட நாளில் பிளாட்பாரத்தின் கடைசிவரை கேட்கும்படி கத்துவேனே, அந்தக் குரலில் மறுபடி சொன்னேன். "இருக்கா, ஆத்தா! என் மக இருக்கா!"

குட்டைக்கு அப்பால் பாறையில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. முத்தையா தலையசைத்துவிட்டு, "லெட்சுமி!" என்றார். "இருக்கேன்." அதோடு முடித்தார். என் பெயர் அதில் இல்லை. வேண்டாம் என்று சொன்னவனே நான்தானே.

அங்கே கோயிலில், மண்டோர் வராததால் முனியம்மாவே நின்று பெயர்களைக் கூப்பிட்டாராம். வசந்தாவின் பெயருக்கும் பதில் வந்ததாம். யார் சொன்னது என்று பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் அவள் கண் விழித்தாள் என்று எழுத ஆசைதான். விழிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஜுரம் மட்டும் படிப்படியாக இறங்கியது. ஒரு மத்தியானம் இமை அசைந்தது. பிறகு ஒரு நாள் கண் திறந்து என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். மருந்தும், டாக்டரும், அந்த நர்ஸும் செய்தது எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பக்கத்துக் கட்டில்காரியும் அன்பாகப் பேசப்பட்டவள்தான், அவள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்த அதிசயம் ஒன்றுதான். குட்டைக் கரையிலிருந்து திரும்பிய இரவு நான் தூங்கினேன். விடிந்தபின் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, எங்கள் ஸ்டேஷனில் வேப்பமரம் பூத்திருப்பதை, கேன்டீன்காரர் மறுபடி தோசை விலையை ஏற்றியதை, எல்லாம் அவளிடம் சொன்னேன். பதில் வருகிறதா என்று பார்க்கவில்லை.

வசந்தா வீட்டுக்கு வந்தாள். வலது கை வழங்கவில்லை. பேச்சு பெரும்பாலும் போய்விட்டிருந்தது. 'தண்ணி' என்பாள், 'பாப்பா' என்பாள். சில சமயம் என்னைப் பார்த்து ஒரு சொல்லைத் தேடித் தேடிக் கிடைக்காமல் கண்ணீர் விடுவாள். நாளாகும், வரும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடது கையால் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். நான் இப்போது பேரனைத் தூக்கப் பழகியிருந்தேன்.

எனக்குக் கொடுத்த அனுமதிக் காலம் முடிந்தது. மறுநாள் கிளம்பியாக வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை வசந்தாவையும் கூட்டிப் போவோம் என்று லெட்சுமி சொன்னார். முத்தையா டாக்சிக்குப் புது ரேடியேட்டர் போட்டிருந்தார். அதை எனக்கு இரண்டு தடவை திறந்து காட்டினார். கோயிலில் ஒரு நாற்காலி போட்டு அவளைப் பின்னால் உட்கார வைத்தோம். முனியம்மா வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கற்பூரம் காட்டி முடிந்தது. மண்டோர் வாசலில் போய் நின்றார். பெயர்கள் வரிசையாக வந்தன. காளிமுத்துவுக்கு நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். "வசந்தா!" என்றபோது அவள் இடது கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து, "இருக்கா!" என்று முப்பது பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளை இந்நேரம் எங்கே இருப்பேன், இவளை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லதம்பி!"

அது என் பெயர்.

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மண்டோர் எனக்கு மேலாகத் தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் கொடுத்த பெயர் என்று கேட்க நேரமில்லை. பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. குட்டைக் கரையில் அத்தனை பேருக்கும் கத்தியவன் நான்.

"நல்லதம்பி!" என்று மண்டோர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். யாரும் எனக்காகச் சொல்லவில்லை. காத்திருந்தார்கள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"இருக்...காரு" என்றாள் வசந்தா.

மண்டோர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.